போர் திரும்பிய இடங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர் ஒருவருக்கு விடை சொல்லும்போது, பிரிந்துபோன தென் மாநிலங்களும் ஒன்றியத்தில் நின்ற வட மாநிலங்களும் 1861 முதல் 1865 வரை மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க்கைவிட விக்ஸ்பர்க்கே பெரிய திருப்பம் என்று ஒரே வரியில் எழுதியிருந்தோம். அந்த ஒரு வரிக்கு மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. மறுத்து எழுதியவர்களே அதிகம். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம். தென்னைக்கு உரம், பட்டா மாற்றம், கோயில் கல்வெட்டு ஆகியவை பற்றிக் கேட்டிருந்த அன்பர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி (கல்லூரி மாணவி, நாகர்கோவில்): நான் படித்த எல்லாப் புத்தகங்களிலும் கெட்டிஸ்பர்க்தான் திருப்புமுனை என்று இருக்கிறது. தேர்விலும் அதைத்தான் எழுதப் போகிறேன். தாங்கள் எதை வைத்து விக்ஸ்பர்க் என்கிறீர்கள்?

பதில்: தேர்வில் கெட்டிஸ்பர்க் என்றே எழுதுங்கள், மதிப்பெண்ணுக்குக் குந்தகம் வர நாங்கள் காரணமாக வேண்டாம். ஆனால் தேர்வு முடிந்த பிறகு ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: ஒரு போரில் தோற்றவர், இழந்ததை அடுத்த ஆண்டில் திரும்பப் பெற முடியுமா? முடியுமென்றால் அது பெரிய போர். முடியாதென்றால்தான் அது திருப்பம்.

1863 ஜூலை 1 முதல் 3 வரை பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் என்னும் சிற்றூரைச் சுற்றி நடந்த போரில் மாண்டவர், காயமுற்றவர், பிடிபட்டவர், காணாமற்போனவர் என இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 51,000 பேர். மூன்றாம் நாள் பிற்பகலில் தென்தரப்புத் தளபதி ராபர்ட் லீ, ஏறக்குறைய 12,500 வீரர்களை முக்கால் மைல் அகலமான திறந்த வயல்வெளியினூடே, எதிரே மேட்டில் பீரங்கிகளுடன் காத்திருந்த வடவர் அணியை நோக்கி நடக்கவிட்டார். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டோ, காயமுற்றோ, பிடிபட்டோ போயினர். லீயின் முதன்மைப் படை அதன் பிறகு வடக்கு மண்ணில் கால் வைக்கவில்லை. இவை அனைத்தும் மெய்யே. ஆனால் அந்தப் படை அழிந்துவிடவில்லை. மழையில் பின்வாங்கி, பெருக்கெடுத்திருந்த பொட்டோமக் ஆற்றைக் கடந்து வர்ஜீனியாவுக்குள் போய்ச் சேர்ந்து, மேலும் 21 மாதங்கள் போரிட்டது. வென்ற தளபதி ஜார்ஜ் மீட் துரத்திச் சென்று முடிக்கவில்லையே என்று மனம் கசந்து குடியரசுத் தலைவர் லிங்கன் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை அனுப்பாமலே வைத்துக்கொண்டார்.

இனி விக்ஸ்பர்க். மிசிசிப்பி ஆறு கொண்டை ஊசியாக வளையும் ஓரிடத்தில், செங்குத்தான மேட்டின்மேல் இருக்கும் ஊர் அது. மேட்டின் பீரங்கிகளுக்குத் தெரியாமல் ஆற்றில் ஒரு படகும் போக முடியாது. ஆற்றின் மேற்கே டெக்சாஸ், ஆர்கன்சா, லூயிசியானாவின் பெரும்பகுதி. கிழக்கே தென்தரப்பின் மற்ற மாநிலங்கள். கால்நடையும் தானியமும் ஆளும் அங்கிருந்து இங்கே வரவேண்டிய வாசல் இந்த ஊர். ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை: 1809இல் ஆங்கிலேயப் படை அந்த அரணைத் தாண்டிய பிறகு, வேலுத்தம்பி தளவாயின் எதிர்ப்பு சில வாரங்களில் முடிந்துபோயிற்று.

வடவர் தளபதி யுலிசீஸ் கிராண்ட் குளிர்காலம் முழுவதும் சதுப்பு நிலங்களிலும் கால்வாய்களிலும் வழி தேடித் தோற்றார். பிறகு 1863 ஏப்ரல் 16 இரவில் கப்பல்கள் பீரங்கிகளின் கண்ணெதிரே, கரையில் எரியும் வீடுகளின் வெளிச்சத்தில், ஆற்றோட்டத்தோடு கீழே இறங்கின. படையோ எதிர்க்கரையில் நடந்து தெற்கே சென்று, அந்தக் கப்பல்களில் ஏறி ஏப்ரல் 30 அன்று ஆற்றைக் கடந்தது. அதன் பிறகு கிராண்ட் செய்தது அக்காலத்துப் படைநூல்களுக்கு அடங்காதது. நேராக விக்ஸ்பர்க்குக்குப் போகாமல் கிழக்கே திரும்பி, மே 14 அன்று மாநிலத் தலைநகரான ஜாக்சனைப் பிடித்து, உதவிப்படை வரும் வழியை அடைத்துவிட்டு, பின்புறமாக விக்ஸ்பர்க்கை நெருங்கினார். நேரடித் தாக்குதல்கள் இரண்டும் தோற்றன; எனவே முற்றுகை. 47 நாள்கள் அது நீடித்தது. ஊரார் மேட்டின் களிமண்ணைக் குடைந்து குகைகளில் குடியிருந்தனர். கோவேறு கழுதை இறைச்சி விலைக்கு வந்தது. செய்தித்தாள் அச்சிடத் தாள் தீர்ந்தபோது சுவரில் ஒட்டும் பூப்போட்ட காகிதத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டார்கள். கெட்டிஸ்பர்க் முடிந்த மறுநாளான ஜூலை 4 அன்று ஏறத்தாழ 29,500 வீரர்களுடன் ஊர் சரணடைந்தது. ஒரு முழுப் படையும், சில நாள்களுக்குள் ஒரு முழு ஆறும் போயின. லீ தம் படைக்குப் புதிய ஆள்களைச் சேர்த்துக்கொண்டார். ஆற்றைத் திரும்பப் பெறத் தென்தரப்பில் எவராலும் கடைசி வரை முடியவில்லை.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை): அந்தப் போர் மாநில உரிமைக்காக நடந்தது, அடிமைமுறை ஒரு சாக்குத்தான் என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். எது சரி?

பதில்: பிரிந்து போனவர்கள் தாங்களே என்ன எழுதி வைத்தார்கள் என்பதைப் பார்த்தால் போதும், ஐயா. லிங்கன் தேர்தலில் வென்ற பின்னர் 1860 டிசம்பர் 20 அன்று முதலில் பிரிந்தது தென் கரோலினா; அது வெளியிட்ட காரண விளக்கத்தில் அடிமைகளைப் பற்றிய பேச்சே முதன்மை. மிசிசிப்பி மாநிலம் தன் விளக்கத்தில், தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு முற்றாகப் பிணைந்தது என்றே அறிவித்தது. தென்தரப்பின் துணைத் தலைவரான அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் சவானா நகரில் பேசும்போது, கறுப்பினத்தவர் வெள்ளையருக்கு நிகரல்லர் என்பதே தங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார். இதற்குமேல் சாட்சி எதற்கு? மாநில உரிமை என்ற வாதம் முற்றிலும் பொய்யில்லை. அந்த உரிமை எதைச் செய்வதற்கு வேண்டியிருந்தது என்பதைத்தான் அவர்கள் சொல்லாமல் விடுகிறார்கள்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வடக்கு அடிமைகளை விடுவிக்கப் போருக்குப் போகவில்லை. நாடு உடையாமல் காக்கப் போனது. 1861 ஏப்ரல் 12 விடியற்காலையில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் சம்டர் கோட்டைமீது தென்தரப்பு சுட்டபோது, லிங்கன் 90 நாள்களுக்கு 75,000 பேரை அழைத்தார். அந்த அழைப்பில் விடுதலை என்ற பேச்சே கிடையாது. நம் திருவிதாங்கூரில் அடிமை ஒழிப்பு அறிவிப்பு 1855இல் வந்துவிட்டது என்பதை நினைத்தால், அதற்கு ஆறாண்டு கழித்தும் அடிமைமுறையைக் காக்க ஒரு தேசம் பிளந்தது என்பது வியப்பாகத்தான் இருக்கிறது. நம் ஊரில் அறிவிப்பு வந்த பிறகும் மக்கள் பட்ட பாட்டை 1859 வரை நடந்த மேலாடைக் கலகங்களே சொல்லும் என்பதால், இதில் நாம் அதிகம் மார்தட்டவும் வேண்டாம்.

கேள்வி (வங்கி ஊழியர், குலசேகரம்): ஆன்டீட்டம் போரில் யாருமே வெல்லவில்லை என்கிறார்கள். பிறகு அதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

பதில்: எங்கள் கணக்கில் விக்ஸ்பர்க்குக்குச் சமமாக வைக்கத் தக்கது இது ஒன்றே. இதன் கதை மூன்று சுருட்டுகளில் தொடங்குகிறது. 1862 செப்டம்பரில் லீ மேரிலாந்துக்குள் நுழைந்து, துணிச்சலாகத் தம் படையைப் பல கூறுகளாகப் பிரித்து அனுப்பியிருந்தார். செப்டம்பர் 13 அன்று ஃபிரெடெரிக் ஊருக்கு அருகே, தென்தரப்பினர் முகாமிட்டு விட்டுப்போன புல்வெளியில், வடவரின் இந்தியானா படைப்பிரிவின் வீரர் ஒருவர் ஓர் உறையைக் கண்டெடுத்தார். உள்ளே மூன்று சுருட்டுகள். அவற்றைச் சுற்றியிருந்த தாளோ, எந்தப் பிரிவு எங்கே போகிறது என்று லீ பிறப்பித்த 191ஆம் எண் உத்தரவின் நகல். ஒரு படைத்தலைவருக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் வாய்க்காது. ஆனால் அது கிடைத்த வடவர் தளபதி ஜார்ஜ் மெக்லெல்லனுக்கு எதிரியை எப்போதும் இருமடங்காக எண்ணும் வழக்கம். அன்று அவர் படையை விரைந்து நகர்த்தவில்லை. லீ சிதறிய கூறுகளைச் சேர்த்துக்கொள்ள அந்தத் தாமதம் உதவியது.

செப்டம்பர் 17 விடியலில் ஆன்டீட்டம் ஓடைக்கு அருகே சோளக்காட்டில் தொடங்கிய சண்டை, நண்பகலில் வண்டிச் சக்கரங்கள் தேய்த்துப் பள்ளமாக்கியிருந்த ஒரு பாதைக்கும், பிற்பகலில் ஓடைமேல் இருந்த கல்பாலத்துக்கும் மாறியது. அந்தப் பாதையில் பிணங்கள் அடுக்கடுக்காகக் கிடந்தமையால் இன்றுவரை அதன் பெயரே இரத்தப் பாதை. இரு தரப்பிலும் மாண்டோர், காயமுற்றோர், காணாமற்போனோர் 22,000க்கும் மேல். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் இவ்வளவு இழப்பு வேறெந்தப் போரிலும் இல்லை. மறுநாள் இரவு லீ ஆற்றைக் கடந்து திரும்பினார். மெக்லெல்லன் துரத்தவில்லை, நவம்பரில் பதவியை இழந்தார்.

படைக்கணக்கில் பார்த்தால் சமன்தான். ஆனால் லிங்கனின் மேசையில் ஜூலை மாதத்திலிருந்தே விடுதலை அறிவிப்பின் வரைவு காத்திருந்தது. தோல்விகளுக்கு நடுவே வெளியிட்டால் அது கையாலாகாதவன் கூக்குரலாகத் தோன்றும், ஒரு வெற்றி வரட்டும் என்று வெளியுறவு அமைச்சர் சீவர்ட் ஆலோசனை சொல்லியிருந்தார். லீ பின்வாங்கியது அந்த வெற்றியாயிற்று. செப்டம்பர் 22 அன்று முன்னறிவிப்பு வந்தது. 1863 ஜனவரி 1 முதல், கிளர்ச்சியில் இருக்கும் பகுதிகளின் அடிமைகள் விடுதலை பெற்றவர்கள். ஒன்றியத்திலேயே தங்கிய டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி மாநிலங்களின் அடிமைகளுக்கு அது பொருந்தாது என்பதால், ஆணை செல்லாத இடத்தில் ஆணையிட்டார் என்று அன்றே ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஆயினும் அந்தத் தாள் இரண்டு வேலைகளைச் செய்தது. சமரசம் பேசலாமா, தென்தரப்பை அங்கீகரிக்கலாமா என்று அதுவரை யோசித்த பிரிட்டிஷ் அரசு, அதன் பிறகு அடிமைமுறையின் பக்கம் வெளிப்படையாக நிற்க முடியாத நிலைக்கு வந்தது. மேலும் கறுப்பினத்தவர் படையில் சேரும் வாயில் திறந்தது. போர் முடிவதற்குள் ஏறக்குறைய 1,80,000 பேர் ஒன்றியச் சீருடை அணிந்தார்கள். இவ்விரண்டையும் தென்தரப்பு எந்தப் போரில் வென்றும் மாற்றியிருக்க முடியாது.

கேள்வி (கடை உரிமையாளர், மார்த்தாண்டம்): ஆளும் பணமும் ஆலையும் வடக்கில்தான் இருந்தன. பிறகு ஏன் நான்கு ஆண்டுகள் இழுத்தது?

பதில்: வடக்கில் சுமார் 2 கோடியே 20 லட்சம் மக்கள், தெற்கில் 90 லட்சம், அதிலும் 35 லட்சத்துக்கு மேல் அடிமைகள். ஆனால் வடக்கு தெற்கைப் பிடித்தாக வேண்டும். தெற்குக்கோ தோற்காமல் இருந்தாலே போதும். இருதரப்புத் தலைநகரங்களான வாஷிங்டனுக்கும் ரிச்மண்டுக்கும் இடையே 160 கிலோமீட்டர்தான், நாகர்கோவிலிலிருந்து சாத்தூர் போகும் தொலைவு. அந்தத் தொலைவை வடவர் படை கடக்க நான்கு ஆண்டுகள் ஆயின. 1861 ஜூலையில் நடந்த முதல் புல் ரன் போரைக் காண வாஷிங்டன் பெருமக்கள் வண்டி கட்டிக்கொண்டு உணவுக் கூடையோடு போனார்கள்; மாலையில் தோற்றோடும் வீரர்களோடு சேர்ந்து அவர்களும் ஓடிவர நேர்ந்தது. துப்பாக்கியும் மாறியிருந்தது. உள்வரி வெட்டிய குழாயும் கூம்பு வடிவக் குண்டும் வந்தபின், பழைய துப்பாக்கியைவிடப் பன்மடங்கு தொலைவில் ஆளைக் குறிபார்க்க முடிந்தது. தளபதிகளோ தோளோடு தோள் நின்று முன்னேறும் பழைய முறையையே கைக்கொண்டிருந்தனர். 1862 டிசம்பரில் ஃபிரெடெரிக்ஸ்பர்க்கில் ஒரு கற்சுவருக்குப் பின்னால் நின்றவர்கள்மீது வடவர் அலை அலையாகப் போய் விழுந்தது இதற்குப் போதிய சான்று.

கேள்வி (மீனவ இளைஞர், குளச்சல்): டச்சுக்காரரை 1741இல் எங்கள் கடற்கரையில் தோற்கடித்ததை ஊர் நடுவே நிற்கும் தூண் சொல்கிறது. அமெரிக்கப் போரில் கடலுக்கு ஏதும் பங்கு உண்டா?

பதில்: மிகப் பெரிய பங்கு உண்டு, தம்பி, அதன் ஒரு துண்டு நம் கரை வரைக்கும் வந்திருக்கிறது. வடக்கின் கடற்படை தெற்கின் 3,500 மைல் கடற்கரையை முற்றுகையிட்டது. முதலில் ஓட்டையான வலைதான். ஆனால் 1862 ஏப்ரலில் வடவர் கடற்படைத் தலைவர் ஃபராகட்டின் கப்பல்கள் நியூ ஆர்லியன்ஸைப் பிடித்தபோது, தெற்கின் மிகப் பெரிய நகரமும் மிசிசிப்பியின் கழிமுகமும் போயின. முற்றுகைக்குப் பதிலடியாக, தென்தரப்பு இங்கிலாந்தில் கட்டுவித்த வேகமான கப்பல்களை உலகக் கடல்களில் திரியவிட்டு வடவர் வணிகக் கப்பல்களை எரித்தது. அவற்றில் பேர்போனது அலபாமா. ராஃபேல் செம்ஸ் தலைமையில் அது அறுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களைப் பிடித்தது.

1863 டிசம்பரில் சிங்கப்பூரில் நின்ற அலபாமா, மலாக்கா நீரிணை வழியாக இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தது. 1864 ஜனவரியில் மலபார் கரைக்கு அப்பால், பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த எம்மா ஜேன் என்ற அமெரிக்கக் கப்பலைப் பிடித்துக் கொளுத்திவிட்டு, அதன் மாலுமிகளைத் திருவனந்தபுரத்துக்கு வடக்கே அஞ்சுதெங்கில் இறக்கிவிட்டது. அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியான மேய்ன் மாநிலத்துக் கப்பலின் ஆள்கள், தங்கள் நாட்டுச் சண்டையால் திருவிதாங்கூர்க் கரையில் வந்து நின்ற காட்சியை எண்ணிப் பாருங்கள். அஞ்சுதெங்குக் கோட்டை அப்போது ஆங்கிலேயர் வசம் இருந்தது. அலபாமா அதே ஆண்டு ஜூன் 19 அன்று பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்துக்கு வெளியே கியர்சார்ஜ் என்னும் வடவர் போர்க்கப்பலால் மூழ்கடிக்கப்பட்டது. இத்தகைய கப்பல்கள் செய்த சேதத்துக்காக 1872இல் ஜெனீவா நடுவர் மன்றம், இங்கிலாந்து அமெரிக்காவுக்கு 1 கோடியே 55 லட்சம் டாலர் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது.

கேள்வி (விவசாயி, தோவாளை): அந்தப் போரால் திருநெல்வேலிப் பருத்திக்கு விலை ஏறியது என்று என் தாத்தா சொல்வார். உண்மையா?

பதில்: உண்மை. லங்காஷயர் ஆலைகள் பருத்தியில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் அமெரிக்கத் தெற்கிலிருந்தே வாங்கி வந்தன. முற்றுகையால் அது நின்றதும் வியாபாரிகள் இந்தியாவை நாடினர். கரிசல் காட்டுப் பருத்தி தூத்துக்குடித் துறைமுகம் வழியாக நல்ல விலைக்குப் போயிற்று. 1865இல் போர் ஓய்ந்ததும் விலை சரிந்தது. பம்பாயில் பங்குச் சந்தையே கவிழ்ந்தது.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவர், கருங்கல்): 1863இலேயே திரும்பிவிட்டது என்றால், 1864இல் லிங்கன் தோற்றுவிடுவோம் என்று பயந்தது ஏன்?

பதில்: வந்த கடிதங்களில் கூர்மையானது இதுவே. போர் திரும்பியதும், அதை முடிக்கும் மனம் மக்களுக்கு இருப்பதும் வேறு வேறு. 1864 மே மாதத்தில் கிராண்ட் கிழக்கே வந்து லீயுடன் மோதினார். வில்டர்னஸ் என்னும் புதர்க்காட்டில் மே 5 முதல் 7 வரை நடந்த சண்டையில் காடே தீப்பற்றி, நகர முடியாத காயம்பட்டோர் வெந்தனர். இதற்கு முன்பெல்லாம் இப்படி அடிபட்ட வடவர் படை வடக்கே திரும்பிவிடும். இம்முறை இரவில் நாற்சந்தியை அடைந்த வீரர்கள், அணி தெற்கு நோக்கித் திரும்புவதைக் கண்டு ஆரவாரித்தார்கள். நாங்கள் அதையும் ஒரு திருப்பமாகவே எண்ணுகிறோம். அதைப் போர்களின் பட்டியலில் எவரும் சேர்ப்பதில்லை. ஆனால் அந்த ஆரவாரத்துக்குப் பின் ஸ்பாட்சில்வேனியா, கோல்ட் ஹார்பர் போர்கள் வந்தன. ஊர்தோறும் மாண்டோர் பட்டியல் நீண்டது. பீட்டர்ஸ்பர்க்கில் படை பதுங்குகுழிக்குள் சிக்கியது. வடக்கு சலித்துப்போயிற்று.

ஆகஸ்ட் 23 அன்று லிங்கன், தாம் மறுபடி தேர்ந்தெடுக்கப்படுவது மிகவும் ஐயத்துக்குரியது என்றும், அவ்வாறாயின் புதியவர் பதவியேற்கும் முன்பே ஒன்றியத்தைக் காக்க அவரோடு ஒத்துழைப்பது தம் கடமை என்றும் ஒரு தாளில் எழுதி, அதை மடித்து ஒட்டி, உள்ளே இருப்பதைக் காட்டாமலே அமைச்சர்களிடம் கையெழுத்து வாங்கினார். எதிர்த்து நின்றவர் யார் தெரியுமா? மூன்று சுருட்டுகளின் தாள் கையில் கிடைத்தும் தாமதித்த அதே மெக்லெல்லன். அவருடைய கட்சியோ போரை நிறுத்திச் சமாதானம் பேசுவோம் என்றது. செப்டம்பர் 2 அன்று வடவர் தளபதி ஷெர்மனின் படை அட்லாண்டாவைப் பிடித்தது. தென்தரப்பின் இருப்புப்பாதைகள் கூடும் அந்த நகரம் வீழ்ந்ததும் வடக்கின் பேச்சே மாறியது. நவம்பர் 8 தேர்தலில், மாநிலங்களின் சார்பில் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் வாக்குகள் லிங்கனுக்கு 212, மெக்லெல்லனுக்கு 21. களத்தில் இருந்த வீரர்களின் வாக்குகளில் முக்கால் பங்குக்கும் மேல், போரைத் தொடர்வேன் என்றவருக்கே விழுந்தன. முதல் கேள்விக்குச் சொன்ன அதே சோதனையை இங்கும் வையுங்கள்: தேர்தல் முடிந்த பின்னர், வடக்கு சலித்துப்போகும் என்ற தென்தரப்பின் கடைசி நம்பிக்கையும் போய்விட்டது.

கேள்வி (வாசகி, கன்னியாகுமரி): தோற்ற லீயை ஏன் தூக்கில் இடவில்லை?

பதில்: 1865 ஏப்ரல் 9 அன்று அப்போமேட்டாக்ஸ் என்னும் சிற்றூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் லீ கிராண்டிடம் சரணடைந்தார். அந்த வீட்டுக்காரர் முன்பு புல் ரன் போர்க்களத்தில் குடியிருந்து, பிறகு அங்கிருந்து குடிபெயர்ந்து இங்கே வந்தவர். மறுபடி ஆயுதம் ஏந்துவதில்லை என்று உறுதி தந்து வீடு திரும்புபவர்களை, அந்த உறுதியைக் காக்கும்வரை அரசு தொந்தரவு செய்யாது என்று கிராண்ட் எழுதிக் கொடுத்தார். உழவுக்கு வேண்டும் என்று சொந்தக் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கொண்டுபோக விட்டார். பட்டினியாய் இருந்த எதிரிப் படைக்கு 25,000 பேருக்கான உணவும் அனுப்பினார். ஐந்து நாள்களில் லிங்கன் சுடப்பட்டார். அந்தக் கொதிப்பில் ஜூன் மாதம் லீமீது தேசத்துரோக வழக்கு வந்தது. தாம் கொடுத்த வாக்கை அரசு மீறினால் பதவி விலகுவேன் என்று கிராண்ட் நின்றதால் வழக்கு நகரவில்லை. லீ வர்ஜீனியாவின் லெக்சிங்டனில் ஒரு கல்லூரியின் தலைவராகி 1870இல் இறந்தார். தென்தரப்பின் தலைவராயிருந்த ஜெஃபர்சன் டேவிஸ் இரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார். அவர்மீதும் விசாரணை நடக்கவே இல்லை.